காளைகளுக்குப் போட்ட பெல்ட்

என்னைக் குற்றவாளி என்று சொல்லி அரசாங்கத்திலிருந்து ஐந்து காகிதம் வந்திருக்கிறது. ஐந்திலும் என் போட்டோ உண்டு. கல்யாண ஆல்பத்தில்கூட நான் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. கார் கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன். என் மேல் சீட் பெல்ட் இல்லை. பக்கத்து சீட்டில் இரண்டடி உயரத்தில் ஒரு அலுமினியக் கேன் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு பெல்ட் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு பெல்ட், பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட்டு இறுக்கியிருக்கிறது.

நான் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். பாலக்காட்டு எல்லையில் மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள், களங்கள், மாட்டுக் கொட்டகைகள் எல்லாம் பதினான்கு வருஷமாக என் வட்டம்; பால் சொசைட்டிக் கணக்கில் என் லைன். காலையில் போன் அடிக்கும். எடுத்தால் வணக்கம், சௌக்கியம் எதுவும் கிடையாது. "மாடு கத்துதுங்க" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. மாடு சினைக்குக் கத்த ஆரம்பித்துவிட்டால் ஏறக்குறைய ஒரு நாள்தான் கெடு. அதற்குள் போய்ச் சேராவிட்டால் இன்னும் இருபத்தியொரு நாள் காத்திருக்க வேண்டும். அந்த இருபத்தியொரு நாளும் மாட்டுக்காரர் என் பெயரைச் சொல்லித்தான் தீனி வைப்பார்.

அந்தக் கேனுக்குள் திரவ நைட்ரஜன் இருக்கிறது. அதற்குள், தொட்டால் விரல் பொத்துப்போகிற குளிரில், மெல்லிய குச்சி குச்சியாக இருநூறுக்கு மேல் உறையவைத்தது இருக்கிறது. எதை உறையவைத்தது என்று இந்தப் பக்கத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். அதுவும் ஒரு பொம்பளையிடம் சொல்வார்களா? "இன்னிக்கு எந்தக் காளைங்க கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். "ஜெர்சி ஒண்ணு இருக்குதுங்க" என்பேன். "போன தடவை போட்ட காளை சரியில்லீங்க, கெடேரிக் கன்னே பொறக்கலீங்க" என்று குறை சொல்வார்கள். இப்படியே பேசிப் பேசி என் நாக்கிலும் அது காளையாகவே ஆகிவிட்டது. காலையில் கேனைத் தூக்கும்போது, காளைகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றுதான் நானே வீட்டில் சொல்வேன். இது எவ்வளவு பெரிய வினை என்று அப்போது தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் பக்கத்து வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டதில் கேன் சீட்டிலிருந்து குப்புற விழுந்தது. மூடி தெறித்து நைட்ரஜன் முழுவதும் கால் விரிப்பில் கொட்டி, காருக்குள் ஒரே வெள்ளைப் புகை. கதவைத் திறந்துகொண்டு குதித்து ரோட்டோரத்தில் நின்று பார்த்தேன். இருநூறு காளையும் என் கண் முன்னால் செத்துப்போயின. அன்றைக்கு ஐந்து கொட்டகைகளில் மாடு கத்திக்கொண்டிருந்தது. ஒன்றுக்கும் போக முடியவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பக்கத்து சீட்டு பெல்ட் ஒன்றை மட்டும் போட்டால் கேன் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கேனுக்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை, பாவம். ஒர்க்‌ஷாப்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, டிரைவர் பக்கத்து பெல்ட்டைக் கழற்றிக் கேன் பக்கத்தில் மாட்டிக் கொடுத்தார்.

"அப்ப எனக்குங்க?" என்றேன்.

"உங்களுக்கெதுக்குங்க பெல்ட்டு? நீங்கதான் ஸ்டீரிங்கைப் புடிச்சிருக்கறீங்களே," என்றார்.

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அப்புறம்தான் ரோட்டில் கேமரா வைத்தார்கள். காகிதம் வர ஆரம்பித்தது. மலையாளத்தில் அபராதத்தைப் 'பிழ' என்பார்கள். என் வீட்டுக்காரர் தென்னந்தோப்பு பார்க்கிறவர், ஒரு நாளைக்கு எண்ணிப் பத்து வார்த்தை பேசுகிற ஆள். ஒவ்வொரு பிழ வரும்போதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவை ரொம்ப நேரம் பார்ப்பார். பணத்தைக் கட்டிவிட்டு வீட்டு வரி ஃபைலில் காகிதத்தைக் குத்திவைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாததால் சம்மதம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்தக் கார்த்திகையில் குளிர் இறங்கியதும் ஊர் மாடெல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே வாரத்தில் கத்தின. நான் குளிக்க நேரமில்லாமல் ஓடியதில் காரின் இன்சூரன்ஸ் முடிந்து மூன்று நாள் ஆனதைக் கவனிக்கவில்லை. கவனித்த உடனே வண்டியை வாசலில் நிறுத்திவிட்டேன். ஐந்து பிழ வாங்கியவள் ஆறாவதாக அதையும் வாங்குவதா? பழைய கம்பெனியில் கேட்டால், விட்டுப்போனது போனதுதான், புதிதாக எழுத வேண்டும் என்றார்கள். சரி, புதிதாக எழுதுவதென்றால் உள்ளூரிலேயே எழுதலாமே என்று ராவுத்தர் கடைக்குப் போனேன்.

ராவுத்தர் கொழிஞ்சாம்பாறையில் மாட்டுக் கயிறு, மூக்கணாங்கயிறு, கழுத்து மணி எல்லாம் விற்கிறவர். அந்தக் கயிறுகளுக்கு நடுவில் ஒரு மேஜை போட்டு இன்சூரன்ஸும் எழுதுவார். அறுபது வயது, பழுத்த மரியாதைக்காரர். என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் தொங்கும் மணியைப் பார்த்துத்தான் பேசுவார்.

"அம்மிணி, இந்தக் கம்பெனிக்காரங்க புதுசா ஒரு கேள்வி வெச்சிருக்காங்க. நானாக் கேக்கலீங்க, அவங்க கேக்கறாங்க. மூணு வருசத்துல வண்டி ஓட்டுன வகையில குத்தம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ஒண்ணா?"

"அஞ்சுங்க."

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லேன்னு போட்டா வேலை சுலுவா முடியும். ஆனா வேண்டாமுங்க. பொய் எழுதுனா நாளைக்கு ஒரு ஆபத்துன்னு வர்றப்ப ஒண்ணும் கெடைக்காது. அஞ்சுன்னே போடறனுங்க," என்று போனில் ஐந்தை அழுத்தினார். அழுத்தியதும் கீழே இன்னொரு கட்டம் திறந்தது. எதனால் பெல்ட் போடவில்லை என்று ஒரு வரியில் காரணம் எழுதவேண்டுமாம்.

"பெல்ட்டைக் கேனுக்குப் போட்டிருந்தேன்னு எழுதுங்க."

"கேனுல என்னன்னு கேப்பாங்களே, அம்மிணி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மணியைப் பார்த்தார். கடையில் கயிறு வாங்க வந்த இரண்டு பேர் கயிற்றை முறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மலையாளத்தில் பீஜம் என்று ஒரு கௌரவமான சொல் இருக்கிறது. ராவுத்தருக்கு அதுவும் வாயில் வரவில்லை, விரலிலும் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, இங்கிலீஷில் ஒரு வரி தட்டி, சரிதானா என்று என்னிடம் காட்டினார். 'பெல்ட் காளைகளுக்குப் போடப்பட்டிருந்தது' என்று இருந்தது. தினமும் நான் பேசுகிற பேச்சுதானே? எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. சரிதானுங்க என்று சொல்லி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலால் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு ராவுத்தர் என்னைக் கடைக்கு அவசரமாகக் கூப்பிட்டார். போனால் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் லைனில் காத்திருந்தார். எர்ணாகுளம் பக்கத்து மலையாளம். ராவுத்தர் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"எத்ர காளையுண்டு?" என்று மேடம் கேட்டார்.

எத்தனை காளை என்று ராவுத்தர் என்னைப் பார்த்தார். அன்றைக்குக் காலையில்தான் எண்ணியிருந்தேன். "இருநூத்துப் பதினாலு," என்றேன். ராவுத்தர் அதை அப்படியே மலையாளத்தில் சொன்னார்.

லைன் அறுந்துவிட்டதோ என்று ராவுத்தர் போனைத் தட்டிப் பார்த்தார்.

"காறிலோ?"

"காரிலதான், மேடம்," என்றார் ராவுத்தர்.

"முன்சீற்றிலோ?"

"ஆமாங்க மேடம், முன் சீட்டுலதான்."

"இருநூற்றிப்பதினாலு காளைக்கு ஒரு பெல்ட்டோ?"

ராவுத்தர் நேர்மையான மனிதர். அரைகுறைத் தகவல் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை. "அல்ல மேடம், ரெண்டு பெல்ட்டு," என்றார்.

கயிறு வாங்க வந்த ஆள் ஒருவர் கடைக்கு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அப்போதுதான் மேடம் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. திருத்திச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ராவுத்தர், வேண்டாம் என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். போனின் அந்தப் பக்கத்திலும் ஒரு பொம்பளை, இந்தப் பக்கத்திலும் ஒரு பொம்பளை, நடுவில் தான் ஒருத்தன், அந்தச் சொல்லைத் தன் கடைக்குள் விடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. "அப்புறமா எழுதிப் போட்டுக்கலாமுங்க," என்று கிசுகிசுத்தார். அவர் எழுதிப் போட்டதன் லட்சணத்தால்தான் இவ்வளவும் வந்தது.

சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கான காரில் கால்நடைகளை ஏற்றுவது கூடாது. இனிமேல் இந்தக் காரில் காளை எதையும் ஏற்ற மாட்டேன் என்று முத்திரைத்தாளில் சத்தியவாங்மூலம், அதாவது பிரமாணப் பத்திரம், எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல், ஆள் வந்து வண்டியை நேரில் பார்த்த பிறகே பாலிசி.

"எழுதிக் குடுத்துருங்க அம்மிணி, ஒரு காயிதந்தானே?" என்றார் ராவுத்தர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "காளை ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு நான் எதை ஏத்தறதுங்க? எங்க நாத்தனாரையா?" என்று கத்திவிட்டேன். ராவுத்தர் மணியை விட்டுவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பாவம், பயந்துவிட்டார்.

வண்டி வாசலில் நின்றாலும் மாடுகள் கத்துவதை நிறுத்தவில்லை. வீட்டுக்காரருடைய மொபெட்டில் போக ஆரம்பித்தோம். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் கேன். ஆளுக்கொரு ஹெல்மெட் உண்டு. கேனுக்குச் சாக்கை நனைத்துப் போர்த்தியிருந்தோம். டீக்கடைக்காரர்கள் எங்களைப் பார்ப்பதற்காகவே வெளியே பெஞ்சு போட்டார்கள். "ஏனுங்க, மூணு பேரா போறீங்க? நடுவுல இருக்கறவருக்கு ஹெல்மெட்டு?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டார்கள். வீட்டுக்காரர் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மாட்டார். முதல் நாளே இரண்டு மாட்டைத் தவறவிட்டேன். இரண்டாம் நாள் மூன்று.

மூன்றாம் நாள் பால் சொசைட்டி செக்ரட்டரி வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் நாலு பக்கமும் இடி. "தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மிணி. மாட்டுக்காரங்க சத்தம் போடறாங்க. பொள்ளாச்சிப் பக்கத்துல ஒருத்தரு பைக்குல வர்றேங்கறாரு. திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள உங்க வண்டி ரோட்டுக்கு வரலீன்னா லைனை அவருகிட்ட குடுக்கறதைத் தவுர வழியில்லீங்க," என்றார்.

எனக்கு அன்றைக்கு நிஜமாகவே பயம் வந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், பொம்பளை வந்து மாட்டுக்கு ஊசி போடுவதா என்று கொட்டகைப் படலை என் முகத்துக்கு நேராகச் சாத்தியவர்கள் உண்டு. ஒவ்வொரு படலாக நான் திறக்கவைத்தேன். எந்த வீட்டு மாடு எந்தக் காலை உதைக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். லைன் கைமாறினால் திரும்ப வராது. வீட்டுக்காரர் மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் வண்டியைப் பார்க்க ஆள் வந்தார். ராவுத்தர் கூடவே வந்து இறங்கினார். வந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், நெற்றியில் சந்தனம், கையில் அளக்கிற டேப். விஷயம் ஊருக்குத் தெரிந்திருந்ததால் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். அவர் யாரோடும் பேசாமல் காரின் பின் கதவைத் திறந்து சீட்டை முகர்ந்து பார்த்தார். சாணி தேடினார் என்று நினைக்கிறேன். பிறகு பின் சீட்டின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார். காளைக்கு என்ன நீளம் என்று மனசில் வகுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"காளையெல்லாம் எங்கேயாக்கும் கட்டியிருக்கேள்?" என்றார் கடைசியில்.

நான் வீட்டுக்குள்ளிருந்து கேனைத் தூக்கி வந்து முன் சீட்டில் வைத்து இரண்டு பெல்ட்டையும் போட்டேன். மூடியைத் திறந்தேன். வெள்ளைப் புகை குபுக்கென்று வந்து கார் கதவு வழியாகத் தரையில் இறங்கியது. அவர் நாலடி பின்னால் போனார்.

"இதுக்குள்ளேயா இருநூத்துப் பதினாலும்?"

"இப்பக் கொறைஞ்சு இருநூத்தியொம்போதுங்க."

"என்னதாக்கும் இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராவுத்தர் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். கூச்சமும் கோபமும் ஒன்றாக வந்தால் எனக்குக் குரல் பெரிதாகிவிடும். "காளை விந்துங்க. உறைய வெச்ச விந்து. மாட்டுக்குச் சினை புடிக்கறதுக்குப் போடற விந்து," என்றேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். ராவுத்தர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, தேங்காய் இந்த வருஷம் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினார். கூட்டத்தில் ஒருவர் இருமினார். வேறொன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை, மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினான்கு வருஷம் இதற்கா சுற்றி வளைத்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

வந்தவரும் சிரித்தார். ஆனால் அவருக்கு ஃபாரத்தை முடிக்க வேண்டும். "உயிர் இருக்கோ இதுக்கு?" என்று கேட்டார்.

"உயிரிருந்தாத்தானுங்க சினை புடிக்கும்."

"உயிர் இருந்தா லைவ்ஸ்டாக் கணக்கிலேன்னா வந்துடும்? இல்லைன்னு எழுதினா உபயோகமில்லாத சாமான்." தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பேனாவைக் கடித்தார். ரொம்ப நேரம் யோசித்து, 'பாத்திரம், ஒன்று' என்று எழுதினார். இருநூற்றியொன்பது காளையும் அந்த இடத்தில் பாத்திரமாகிவிட்டன. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அப்புறம்தான் அவர் டிரைவர் கதவைத் திறந்தார். பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் ஓட்டை மட்டும் இருந்தது. "இந்தப் பக்கத்து பெல்ட் எங்கே?"

கேனைக் காட்டினேன். ஏன் அப்படி என்று சொன்னேன். வேகத்தடையில் கேன் விழுந்த கதையையும் சொன்னேன். "இப்ப வண்டி எங்க இடிச்சாலும் கேன் அசையாதுங்க. கவுந்தாக்கூட ஒண்ணும் ஆகாது," என்று பெருமையாகவே சொன்னேன்.

"சரி, அது கேன். நீங்க என்ன ஆவேள்?"

நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்வேன் என்று சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பெல்ட்டைத் திரும்ப டிரைவர் பக்கத்தில் மாட்டி போட்டோ அனுப்பினால் போதும், சத்தியவாங்மூலம் வேண்டாம், பாலிசி வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் லீவு. திங்கட்கிழமை காலையில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் காரைக் கட்டி, கேனையும் எடுத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனோம். ராவுத்தர் கடை அதற்கு எதிரில்தான். நான் ஒர்க்‌ஷாப்காரரிடம் மெதுவாக, "போல்ட்டை ரொம்ப இறுக்கிராதீங்க. போட்டோ எடுத்ததும் மத்தியானமே திரும்பக் கழட்டிக் கேனுக்கு மாட்டிக்கலாம்," என்றேன். பின்னால் வீட்டுக்காரர் நிற்பதை நான் கவனிக்கவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பியாயிற்று. ராவுத்தர் கடையில் கடைசிப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டுகிறவருக்கென்று ஒரு விபத்துக் காப்பு உண்டு. அதற்கு ஒரு ஆள் பெயர் போடவேண்டும். "ஓட்டறவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா பணம் யாருக்குன்னு ஒரு பேரு வேணுமுங்க. உங்க பேரையே போட்டர்றேன்," என்று வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"போடாதீங்க," என்றார் அவர்.

"சும்மா ஒரு பேருக்குத்தானுங்க."

"என் பேரு வேண்டாமுங்க."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். மணி பத்தே முக்கால். அந்த நேரம் பார்த்து செக்ரட்டரி போனில் வந்தார். மீனாட்சிபுரத்தில் ஒரு கெடேரி விடிகாலையிலிருந்து கத்துகிறதாம், பொள்ளாச்சி ஆளைக் கூப்பிடட்டுமா, நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டார். மத்தியானத்துக்கு இன்னும் நேரமிருக்குதுங்க, நானே வர்றேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரரை வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? பேரில்லாம அந்தப் பக்கம் நகராது. என் லைனு போயிருமுங்க. அது வெறும் காயிதந்தானுங்க!"

"காயிதத்துலயும் வேண்டாம்."

"அப்ப வேற யாரு பேரைப் போடறது?"

"யாரு பேரையோ போடு. உன்னைக் குடுத்துட்டு வாங்கற காசு எனக்கெதுக்கு?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்காத குரல். "அஞ்சு காயிதம் வந்துது. அஞ்சையும் நாந்தான் பார்த்தேன். கேனைக் கட்டி வெச்சிருக்கற, நீ சும்மா உக்காந்திருக்கற. கேட்டா, வேலைக்குப் போறதைத் தடுக்கறேன்னு நெனைப்பியோன்னு கம்முனு இருந்தேன். இன்னிக்கும் மத்தியானம் கழட்டோணுங்கற. கழட்டிக்கோ. என் பேரு மட்டும் வேண்டாம்."

என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரோட்டைத் தாண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். போல்ட்டை இறுக்குங்க, இனிக் கழற்ற வேண்டியதில்லை என்றேன். கேனுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு ஒர்க்‌ஷாப்காரர் மூலையில் கிடந்த ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து முன் சீட்டின் கீழே கால் வைக்கிற இடத்தில் அமுக்கி, அதற்குள் கேனை நிறுத்தி, மேலே ஒரு பெல்ட்டைப் போட்டார். ஆட்டிப் பார்த்தேன். கேன் அசையவில்லை.

"இதை மூணு வருசத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாமுங்களே," என்றார் ஒர்க்‌ஷாப்காரர். அவரை அடிக்காமல் விட்டது என் நல்ல குணம்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு போடுகிறேன், கழுத்தை அறுத்தது. வீட்டுக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார். ஸ்பேனரை வாங்கி, அந்த போல்ட்டை இன்னும் இரண்டு சுற்றுத் தானே இறுக்கினார். பிறகு என் தோள்மேல் இருந்த பெல்ட்டைப் பிடித்து, சந்தையில் கயிறு வாங்குகிறவர் இழுத்துப் பார்ப்பதுபோல் இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்தார். வலித்தது.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ராவுத்தர் கடைக்குள் போனார். தன் பெயரை இனிஷியலோடு சொல்வது ரோட்டுக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. எழுத்து எழுத்தாகச் சொல்லுங்க என்று ராவுத்தர் கேட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்தைச் சொல்லிவிட்டு, கடை வாசலுக்கு வந்து என் பெல்ட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய், மீதியைச் சொன்னார்.